நான்காவது சில்லு

தோர்ண்டன் ஹீத்
06.10.2024

அன்புள்ள தம்பி ஆனந்தனுக்கு,

அக்கா எழுதுவது. நான் சுகம். மகள் கோசிகாவும் மான்செஸ்டரில் சுகமாகப் படிக்கிறேன் என்கிறாள். சுகம் உண்மை, படிப்பைப் பற்றி நான் சத்தியம் பண்ண மாட்டேன். நீ, அஜந்தா, பிள்ளைகள் எல்லோரும் எப்படி?

கையில் போன் இருக்க இதென்ன புதுப் பழக்கம் என்று கேட்பாய். போனில் நீ கத்துவாய், நான் அழுவேன், கடைசியில் இருவருக்கும் ஒன்றும் விளங்காது. வாட்ஸ்அப்பில் எழுதினால் பாதியை வாசித்துவிட்டு ஏழு நிமிடத்துக்குக் குரல் பதிவு அனுப்புவாய். அதனால்தான் முத்திரை ஒட்டி எழுதுகிறேன். நீயும் எழுதியே பதில் போடு.

விஷயம் இதுதான். இந்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல வீட்டையும் காரையும் குளிருக்கு ஆயத்தப்படுத்த நீ வால்தம்ஸ்டோவிலிருந்து மினக்கெட்டு வரத் தேவையில்லை. அத்தான் தவறிய பிறகு ஆறு வருடம், ஒரு வருடமும் தவறாமல் வந்தாய். மழையென்றும் பார்க்கவில்லை, கராஜில் வேலை குவிந்து கிடக்கிறது என்றும் பார்க்கவில்லை. அதை நான் மறக்கவில்லை. ஆனால் இந்த முறை வேலையெல்லாம் முடிந்துவிட்டது. மழைத்தண்ணீர் ஓடும் கூரைப் பீலியில் இலை அள்ளி, வீட்டைச் சூடாக்கும் ரேடியேற்றர்களில் காற்றை இறக்கி, பின்வேலியில் ஆடிக்கொண்டிருந்த பலகைக்குக் கட்டை கொடுத்து, வெளிக்குழாய்க்கு உறை சுற்றி, காருக்கு நான்கு ரயரும் மாற்றியாயிற்று.

செய்தவர் பெயர் ரங்கராஜன். விம்பிள்டன் பிள்ளையார் கோயிலில் சனிக்கிழமை அன்னதானத்துக்கு என்னோடு மரக்கறி வெட்டுகிறவர். திருச்சிக்காரர். ஐம்பத்தெட்டு வயது. ட்ராம் பணிமனையில் பிரேக் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்து வைக்கிற வேலை. மனைவி தவறி ஒன்பது வருடம். நல்ல மனிதர். "உங்க வீட்டுக் கூரையில புல்லு முளைச்சிருக்குங்க" என்று அவராகத்தான் சொன்னார்.

உன் கராஜில் கிடக்கும் என் குளிர்கால ரயர்களை யாருக்காவது கொடுத்துவிடு. அவர் போட்டது எல்லாக் காலத்துக்கும் ஓடுகிற வகையாம்.

அஜந்தாவுக்கு என் அன்பு.

உன் அக்கா
அருள்நாயகி

---

வால்தம்ஸ்டோ
11.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. உறையைப் பார்த்து அஜந்தா வரிக் கந்தோர்க் கடிதம் என்று பயந்துவிட்டாள். வாசித்து முடித்தபோது அதுவாகவே இருந்திருக்கலாம் என்று எனக்குப் பட்டது.

நல்ல மனிதர் என்று எழுதியிருக்கிறீர்கள். இருக்கட்டும். எனக்குச் சில கேள்விகள் உண்டு. பீலியை அள்ளியவர் இறங்குகுழாய்க்குள் தண்ணீர் விட்டுப் பார்த்தாரா? அங்கேதான் அடைக்கும். பொயிலரின் கழிவுக்குழாய் வெளியே வருகிற இடத்தில் உறை போட்டாரா? அது உறைந்தால் வீடே குளிரும். வேலிக்குக் கட்டை கொடுத்தாராம். கட்டை கொடுத்த வேலி, பல்லுக்குத் துணி கட்டின மாதிரி. அடியில் கொங்கிறீட் போட வேண்டும். போன வருடமே சொன்னேன், "அடுத்த முறை பாப்பம்" என்றீர்கள். அந்த அடுத்த முறைக்காக நான் ஒரு மூட்டை சீமெந்து வாங்கி வைத்திருக்கிறேன்.

ரயருக்கு வருகிறேன். பத்து வருடம் ஜேர்மனியில் கார் திருத்தினவன் நான். அங்கே குளிருக்கு ஒரு ரயர், கோடைக்கு ஒரு ரயர். எல்லாக் காலத்துக்கும் ஒன்று என்பது கலியாண வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும் ஒரே சாம்பார் வைக்கிற கதை. உங்கள் பிழையில்லை, செய்தவர் சாம்பார்க்காரர்.

இன்னுமொன்று. பீலிக்கு ஏறும்போது ஏணியை யார் பிடித்தது? நீங்களா? ஆறு வருடம் நான் ஏறினேன். "நீ ஏறு, நான் தேத்தண்ணி போடுறன்" என்று உள்ளே போய்விடுவீர்கள். ஒரு நாளாவது பிடித்திருக்கிறீர்களா?

ரயர் மாற்றிய பிறகு காரின் நான்கு சில்லுகளுக்கும் கீழே தேசிக்காய் வைத்து நசித்தீர்களா? அதையும் அவரேதான் வைத்தாரா?

எரிச்சலில் எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். பாதுகாப்புக்காகத்தான் கேட்கிறேன்.

தம்பி
ஆனந்தராஜா

---

தோர்ண்டன் ஹீத்
20.10.2024

என் அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தை வாசித்து முதலில் சிரித்தேன், பிறகு யோசித்தேன். வரிசையாகப் பதில் சொல்கிறேன். இறங்குகுழாய்க்குள் தண்ணீர் விட்டார். பொயிலர்க் குழாய்க்கு உறை போட்டார். ஏணியை நான் பிடித்தேன். ஓம், நான்தான். நீ குரங்கு மாதிரி ஏறுவாய், பிடிக்கத் தேவையில்லை. அவர் இரண்டு படி ஏறுவார், "பிடிச்சிருக்கீங்களா?" என்று குனிந்து கேட்பார். பிடிக்காமல் என்ன செய்வது? தேசிக்காயும் அவர்தான் வாங்கி வந்தார். அவர் அதை எலுமிச்சம்பழம் என்கிறார், அதற்கும் கோபிக்காதே.

குற்றம் பார்க்கில் சுற்றம் இல்லை தம்பி. நீ அவரை இன்னும் கண்ணால் காணவில்லை, அதற்குள் சாம்பார் என்கிறாய்.

இதையும் எழுதித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. வருகிற தை மாதம் நாங்கள் இருவரும் கலியாணம் செய்வதாக இருக்கிறோம். பெரிய மண்டபமெல்லாம் இல்லை. பதிவு, பிறகு கோயிலில் மாலையும் தாலியும், இருபது பேருக்குச் சாப்பாடு. கோசிகாவிடம் முதலில் கேட்டேன். "அம்மா, finally!" என்று போனுக்குள்ளேயே கத்தினாள். எனக்கு ஐம்பத்தொன்று. ஆறு வருடமாக ஒரு பீங்கானும் ஒரு கோப்பையும்தான் கழுவுகிறேன். இதற்குமேல் விளக்கம் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். அத்தான் மாப்பிள்ளையாக வாசலுக்கு வந்தபோது தோழனாக நின்று அவர் காலைக் கழுவியது நீதான். பதினாறு வயது உனக்கு. கழுவியதற்கு அவர் போட்ட மோதிரம் பெரிதாக இருந்து நூல் சுற்றிப் போட்டுக்கொண்டு திரிந்தாய். பெண்ணுக்குத் தம்பி இருக்கும்போது அந்த இடத்தில் வேறு யாரும் நிற்பதில்லை. இந்த முறையும் நீதான் நிற்க வேண்டும். திருச்சியில் இந்த வழக்கம் வேறு மாதிரியாம். விளங்கப்படுத்தியபோது அவர் கூச்சப்பட்டு, "ஐயோ, அவரு எதுக்குங்க என் காலைத் தொடணும்" என்றார். வழக்கம் வழக்கம்தான் என்று சொல்லிவிட்டேன்.

நல்ல பதில் போடு.

உன்னை எப்போதும் நினைக்கும்
அக்கா

---

வால்தம்ஸ்டோ
02.11.2024

அக்காவுக்கு,

தீபாவளி வாழ்த்துகள். பிந்திவிட்டது.

ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுததாம். கூரையில் புல் முளைத்திருப்பதை றோட்டில் நின்று பார்க்கிறவர் வேறு என்ன பார்த்தாரோ எனக்குத் தெரியாது. அத்தான் வாங்கிய வீடு, அத்தான் ஓட்டிய கார். கோசிகாவுக்கு இருபது வயது, அவளுக்கு என்ன தெரியும்?

கால் கழுவுவது பற்றி இப்போது ஒன்றும் சொல்ல ஏலாது. யோசிக்கிறேன். கராஜில் வேலை தலைக்கு மேல். குளிர் தொடங்கிவிட்டால் இந்த லண்டன் சனத்துக்கு அப்போதுதான் பற்றரி என்று ஒன்று இருப்பது நினைவுக்கு வரும்.

ஆனந்தன்

---

தோர்ண்டன் ஹீத்
25.11.2024

அன்புத் தம்பி,

இந்தக் கடிதம் போய்ச் சேரும்போது நீ சந்தோஷப்படுவாயோ கவலைப்படுவாயோ தெரியவில்லை. நான் உயிரோடு இருக்கிறேன், முதலில் அதை எழுதிவிடுகிறேன்.

சனிக்கிழமை புயல் அடித்தது உனக்கும் தெரியும். வீட்டுக்கு ஒன்றுமில்லை. வேலி அசையவில்லை, பீலி வழியவில்லை. பக்கத்து வீட்டுக்காரரின் குப்பை வாளி மூன்று வீடு தாண்டிக் கிடந்தது. அன்னதானத்துக்கு அரிசி கொண்டுபோக வேண்டியிருந்ததால் காலை ஒன்பது மணிக்கு காரை எடுத்தேன். அந்தக் கிழமை முழுவதும் கார் வாசலிலேயே நின்றது, பள்ளிக்கூடச் சமையலறை வேலைக்கு நான் நடந்துதானே போகிறேன். ரங்கராஜன் பக்கத்தில் இருந்தார். மிட்சம் கொமன் திடல் பக்கம் போகும்போது டக், டக் என்று ஒரு சத்தம். நான் காற்று என்று நினைத்தேன். அவர் மட்டும், "நிறுத்துங்க, உடனே நிறுத்துங்க" என்றார். நிறுத்துவதற்குள் ஸ்ரியறிங் கையை விட்டு இழுத்தது. முன் இடப்பக்கச் சில்லு சரிந்து, கார் புல்லுக்குள் ஏறி நின்றது. எதிரே வந்த பஸ் ஒரு முழ இடைவெளியில் போனது தம்பி. சாரதியின் முகம் இன்னும் எனக்குத் தெரிகிறது.

உதவிக்கு வந்த வான்காரப் பொடியன் பார்த்துவிட்டு, ஐந்து நட்டில் இரண்டு கழன்று விழுந்துவிட்டது, மிச்சம் மூன்றும் கையால் திருகிய அளவில்தான் நிற்கிறது என்றான். "Who did your tyres, love?" என்று கேட்டான். நான் ரங்கராஜனைத் திரும்பிப் பார்த்தேன். அவர் மழைக்குள் நின்று தன் இரண்டு கையையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

நீ அன்றைக்கே சொன்னாய். தெரியாதவர் கையில் காரைக் கொடுத்தது என் பிழைதான். நான் அவரிடம் கோபத்தில், "உங்களை நம்பித்தானே ஏறினனான்" என்று சொல்லிவிட்டேன். தைக் கலியாணத்தைப் பற்றி இப்போதைக்கு நாங்கள் கதைக்கவில்லை.

எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

அக்கா

---

வால்தம்ஸ்டோ
29.11.2024

என் அருமை அக்காவுக்கு,

கடிதத்தை வாசித்து உடம்பெல்லாம் பதறிவிட்டது. பிள்ளையார்தான் காப்பாற்றினார். அஜந்தா உடனே புறப்படு என்று நின்றாள். ஆனால் நீங்கள் எழுதத்தானே சொன்னீர்கள், ஆகவே எழுதுகிறேன்.

நடந்தது நடந்துவிட்டது. இனி யாரையும் குற்றம் சொல்லிப் பயனில்லை. அந்த மனிதருக்கும் வயதாகிறது, ட்ராம் வேறு, கார் வேறு. அவர் ஏதாவது சொன்னாரா? நட்டை இறுக்கினேன் என்று வாதாடினாரா? அதை மட்டும் எழுதுங்கள்.

காரை என் கராஜுக்கு எடுப்பிக்கிறேன். நான்கு சில்லையும் நானே பார்க்கிறேன். உங்கள் குளிர்கால ரயர்கள் இங்கேதான் இருக்கின்றன, நான் யாருக்கும் கொடுக்கவில்லை. வேலிக்குச் சீமெந்தும் இருக்கிறது. வருகிற ஞாயிறு வரட்டா? கலியாண விஷயத்தில் அவசரப்படாமல் விட்டது நல்லது. மார்கழியில் வரும் நத்தார் விடுமுறைக்கு இங்கே வந்து நில்லுங்கள். பிள்ளைகள் மாமி எப்போது வருவா என்று கேட்கிறார்கள்.

உங்கள் அன்புத் தம்பி
ஆனந்தன்

---

தோர்ண்டன் ஹீத்
12.12.2024

அன்புத் தம்பிக்கு,

நீ கேட்டபடி கார் உன் கராஜுக்கு வந்துவிட்டது. நீ வருவதைப் பிறகு பார்ப்போம். இப்போது எனக்கு யாரோடும் இருக்க மனமில்லை.

அவர் வாதாடினாரா என்று கேட்டிருந்தாய். இல்லை. வாதாடியிருந்தால் நான் சண்டை பிடித்திருப்பேன், சண்டை முடிந்தால் சமாதானமாகியிருப்போம். ஞாயிற்றுக்கிழமை வந்து வாசலிலேயே நின்றார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. "நாலு வீலையும் அளவு பார்க்கிற ஸ்பானர்ல இறுக்கினேன்னு எனக்குச் சத்தியமா ஞாபகம் இருக்கு. ஆனா நட்டு இறுகல. அப்ப என் ஞாபகம்தான் பொய்" என்றார்.

அவருடைய அண்ணன் ஒருவர் திருச்சியில் இருக்கிறார். அறுபது வயதில் மறதி தொடங்கியது. முதலில் அடுப்பை அணைத்தேன் என்பாராம், அணைத்திருக்க மாட்டார். கதவைப் பூட்டினேன் என்பாராம். இப்போது பெற்ற மகளையே தெரியாது. இவருக்கும் அதேதான் தொடங்கிவிட்டது என்று முடிவே கட்டிவிட்டார். ஜீபி டொக்டரிடம் போய்ச் சொல்லியிருக்கிறார், மறதிப் பரிசோதனைக்குப் பெயர் கொடுத்திருக்கிறார், பல மாதம் காத்திருக்க வேண்டுமாம். பணிமனையிலும் இனிமேல் பிரேக்குக்குக் கையெழுத்து வைக்க மாட்டேன் என்று தானாகவே எழுதிக் கொடுத்துவிட்டார். இருபத்திரண்டு வருடம் ஒரு பிழை விடாத மனிதர். இப்போது ஒவ்வொரு சட்டைப் பையிலும் ஒரு துண்டுக் கடதாசி: கதவு பூட்டியாச்சு, காஸ் அணைச்சாச்சு.

கலியாணம் வேண்டாம் என்று சொன்னதும் அவர்தான். "ஒருத்தரை அனுப்பிட்டு வந்தவங்க நீங்க. இன்னொருத்தரைக் குழந்தை மாதிரி பார்க்கிற வேலையை உங்களுக்குத் தர மாட்டேன்" என்றார். நான் பார்ப்பேன் என்றேன். கேட்கவில்லை. கோபத்தில் நான் சொன்ன அந்த ஒரு சொல்லை என்னால் திரும்ப விழுங்க முடியவில்லை தம்பி.

நீ அந்த மனிதரைக் காணாமலே வெறுத்தாய். கண்டிருந்தால் இப்படிப் போகிறாரே என்று உனக்கும் மனம் பொறுக்காது.

அக்கா

---

வால்தம்ஸ்டோ
15.12.2024

அக்கா,

இதை நின்றபடி வாசிக்காதீர்கள், இருந்துகொண்டு வாசியுங்கள்.

ரங்கராஜன் நட்டுகளை இறுக்கினார். அவர் ஞாபகம் பொய்யில்லை. அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை. கழற்றியது நான்.

புயல் வருகிறதென்று வியாழக்கிழமை றேடியோவில் சொன்னார்கள். எனக்கு மனம் கேட்கவில்லை. நீங்கள் வேலையில் நிற்கிற நேரம் பார்த்து, அத்தான் செத்த வீட்டின்போது நீங்கள் தந்த சாவியோடு வானை எடுத்துக்கொண்டு வந்தேன். உங்களைக் காப்பாற்ற என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் பிழை பிடிக்க வந்தேன். பீலியைப் பார்த்தேன், சுத்தம். வேலியை உதைத்துப் பார்த்தேன், அசையவில்லை. கட்டைக்குக் கீழே கொங்கிறீட் போட்டிருந்தார், அதை நீங்கள் எழுதவில்லை. பிறகு காரை ஜாக்கியில் ஏற்றி ஒவ்வொரு சில்லாகக் கழற்றி உள்ளே பார்த்தேன். மூன்று சில்லைப் பார்த்துத் திரும்ப இறுக்கினேன். ஒரு பிழை இல்லை அக்கா. பிழை இல்லை என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நான்காவதைப் போட்டு, நட்டுகளைக் கையால் திருகி, காரை நிலத்தில் இறக்கிவிட்டேன். ஸ்பானரால் இறுக்குவது அதற்குப் பிறகுதான். கை முழுக்கக் கிறீஸ். கழுவிவிட்டு வந்து இறுக்குவோம் என்று குசினிக்குள் போனேன். சவுக்காரம் எடுக்க சிங்குக்குக் கீழே திறந்தேன். பிரதான தண்ணீர்க் குழாயில் நான் கட்டித் தொங்கவிட்ட அட்டை இருக்குமே, 'குழாய் வெடித்தால் இதை வலப்பக்கம் பூட்டவும், பிறகு தம்பிக்கு போன் பண்ணவும்' என்று. அது இல்லை. அந்த இடத்தில் பிளாஸ்டிக் உறை போட்ட புது அட்டை. முத்து முத்தாக வேறு எழுத்து. 'வலப்பக்கம் மூடவும்' என்று மட்டும் இருந்தது. தம்பிக்கு போன் பண்ணவும் என்பது இல்லை.

நாற்பத்துமூன்று வயது மனிதன், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், ஒரு துண்டு அட்டையைப் பார்த்து அழுதேன். கையைக் கூடக் கழுவவில்லை. கதவை அடித்துச் சாத்திவிட்டு வானை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். நான்காவது சில்லு என் நினைவிலேயே வரவில்லை. இருபது வருடத் தொழிலில் நான் விட்ட ஒரே பிழை, அதுவும் உங்கள் காரில்.

பொறாமை அக்கா. வேறு பெயர் தேடி மூன்று கடதாசி கிழித்தேன், கிடைக்கவில்லை.

இதைவிடக் கேவலம் ஒன்றுண்டு. உங்கள் கடிதத்தில் நட்டு என்ற சொல்லை வாசித்த உடனேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. முதலில் பயந்தேன். அடுத்த வரியில் நீங்கள் அவரைத் திரும்பிப் பார்த்ததாக எழுதியிருந்தீர்கள். அங்கே எனக்குச் சந்தோஷம் வந்தது. நீங்கள் செத்தே போயிருக்கலாம், எனக்கு அந்த நேரத்தில் சந்தோஷம் வந்தது. அதோடுதான் அந்த நத்தார்க் கடிதத்தை எழுதினேன்.

இதை அவரிடம் காட்டுங்கள். பணிமனைக்கும் நான் எழுதிக் கொடுக்கிறேன். பொலிசுக்கு என்றாலும் வருகிறேன்.

ஆனந்தன்

---

தோர்ண்டன் ஹீத்
21.12.2024

ஆனந்தன்,

உன் கடிதத்தை நேற்று அவருக்கு வாசித்துக் காட்டினேன். நடுவில் நிறுத்தி, "அப்ப நான் இறுக்கினேனா?" என்றார். ஓம் என்றேன். "நாலையுமா?" என்றார். நாலையும் என்றேன். அப்படியே படிக்கட்டில் அமர்ந்துவிட்டார். பைகளிலிருந்த கடதாசித் துண்டுகளையெல்லாம் எடுத்து மடியில் போட்டு ஒவ்வொன்றாக வாசித்தார். பிறகு சிரித்தார், பிறகு அழுதார். கடைசியில், "பாவங்க உங்க தம்பி, எத்தனை நாள் இதை மனசுல வச்சுக்கிட்டு இருந்தாரோ" என்றார். உன்னைப் பாவம் என்றவர் அவர், நானல்ல.

பணிமனைக்கு நீ எழுதித்தான் ஆக வேண்டும். இந்தக் கிழமையே எழுது. பொலிஸ் வேண்டாம் என்கிறார்.

அட்டையைப் பற்றியும் சொல்கிறேன். சிங்குக்குக் கீழே ஈரம். உன் எழுத்துக் கரைந்து ஒன்றும் வாசிக்க முடியாமல் போய்விட்டது. புதிதாக எழுதித் தரச் சொல்லி நான்தான் அவரைக் கேட்டேன். குழாய் வெடித்தால் உனக்கு போன் பண்ண எனக்கு அட்டை வேண்டுமா? நீ கேட்டிருந்தால் அன்றைக்கே இதைச் சொல்லியிருப்பேன். நீ கேட்கவில்லை, சாவி போட்டுத் திறந்து பார்த்தாய்.

கலியாணம் தை கடைசியில் நடக்கும். அவர் நீதான் தோழனாக நிற்க வேண்டும் என்கிறார். நான் மாட்டேன் என்றுவிட்டேன். கோசிகா கால் கழுவட்டும். பெண்பிள்ளை கழுவக் கூடாதென்று யாராவது சொன்னால் அவளே பதில் சொல்லுவாள், அவளுக்கு வாய் உண்டு. அஜந்தாவும் பிள்ளைகளும் வரலாம். நீ வராதே.

அவர் உன்னை மன்னித்துவிட்டார். அது அவருக்கு லேசு, அவர் உன்னை வளர்க்கவில்லை. பஸ் மோதியிருந்தாலும் நான் உன்னை மன்னித்திருப்பேன். ஆனால் பழி அவர் மேல் விழுந்தது உனக்குத் தெரியும். அவர் தன் புத்தி கலங்குகிறதென்று இருபது நாள் நடுங்கினார். அவர் பரிசோதனைக்குப் பெயர் கொடுக்கப் போகும்வரை நீ உண்மையை மறைத்து, "ஞாயிறு வரட்டா" என்று கேட்டுக்கொண்டு இருந்தாயே, அதைத்தான் என்னால் தாண்டிப் போக முடியவில்லை. எவ்வளவு காலம் எடுக்கும் என்று எனக்குத் தெரியாது.

வீட்டுச் சாவியைப் பதிவுத் தபாலில் அனுப்பிவிடு. நேரில் கொண்டு வந்து நிற்காதே. உன் முகத்தைக் கண்டால் நான் மன்னித்துவிடுவேன்.

அக்கா